முட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் கௌதமி

செய்தி வந்தபோது நான் தேர்வுக் கூடத்தில் இருந்தேன். கைப்பேசியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது விதி. ஒரு மணிக்கு விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். செல்வியிடமிருந்து ஒன்பது அழைப்புகள். செல்வி, கௌதமியின் தங்கை. வருடத்துக்கு ஒருமுறைகூட என்னைக் கூப்பிடாதவர். அந்த ஒன்பதைப் பார்த்ததுமே திருப்பிக் கூப்பிட்டேன்.

"அக்கா பூட்ச்சு டீச்சர்," என்றார் செல்வி. "காலைல டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சிகினேதான் இருந்துச்சு. டம்ளர கீழ வச்சிட்டு நெஞ்ச புடிச்சிகினு சாஞ்சிடுச்சு. ஆட்டோ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

அவரே தொடர்ந்தார்: "அது இருந்தா, உங்க பொட்டிய யாராவது பாத்துக்கிறாங்களான்னு கேக்க சொல்லும். அதான் சொந்தக்காரங்களுக்கு முன்னாடி உங்களுக்கு போன் போட்டேன்."

காசிமேட்டில் மீன் ஏற்றுமதிக் கம்பெனிகளில் இருப்பவர்கள் கௌதமியை 'மீட்டர் அக்கா' என்றுதான் அறிவார்கள். குளிர் அறைகளின் வெப்பநிலைக் கருவி தவறாகக் காட்டினால், ஸ்கூட்டியில் ஒரு காக்கிப் பையோடு வந்து சரிசெய்பவர். வியாசர்பாடியில் அவருடைய ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இருப்பவர்களுக்கு அவர் நலச் சங்கத்துக் கௌதமி. மின்சாரக் குறைகளைப் பற்றி ஓயாமல் மனு எழுதியவர். நான் அறிந்த கௌதமி வேறு ஒருவர். ராயபுரத்தில் எங்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில், ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பாம்பு முட்டைகளுக்கும் உடும்பு முட்டைகளுக்கும் வெப்பம் மாறாமல் பார்த்துக்கொண்டவர். ஏழு வருடம். அந்தக் கௌதமியை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் எப்போதும் எங்காவது மண்ணைத் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். கிடங்கு கட்டவும், குழாய் பதிக்கவும், கன்டெய்னர் லாரிகளுக்கு இடம் ஒதுக்கவும் மண்ணை வெட்டும்போது பாம்பு முட்டைகள் கிடைக்கும். வனத்துறையினர் அவற்றைக் கொண்டுவந்து எங்கள் ஆய்வகத்தில் ஒப்படைப்பார்கள். பொரிக்க வைத்து, குட்டிகளை அவர்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு எழுத்து மூலம் அனுமதி பெற்றிருந்தோம். எங்களிடம் இருந்தது, நுண்ணுயிர் வளர்ப்பதற்காக வாங்கிய ஒரு பழைய இன்குபேட்டர். முதல் முறை வந்தவை பதினாறு சாரைப்பாம்பு முட்டைகள். முகப்பில் எண் இருபத்தொன்பது என்று அசையாமல் நின்றது. ஐந்தாவது வாரத்தில் முட்டைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி மஞ்சளாகின. பதினாறும் போயின.

நான் ஆய்வக உதவியாளர் முருகேசன்மீது பாய்ந்தேன். அவர் அடிக்கடி கதவைத் திறந்து பார்க்கிறவர். "நீங்க திறந்து திறந்து மூடினதுலதான் எல்லாம் செத்துப்போச்சு," என்று மாணவர்கள் முன்னாலேயே சொன்னேன். முருகேசன் காசிமேட்டு மீனவக் குடும்பத்தவர். இரண்டு நாள் கழித்து வந்து, "மேடம், எங்க பக்கம் ஒரு அக்கா கீறாங்க. கோல்டு ரூமுக்கெல்லாம் மீட்டர் பாக்கிறவங்க. இத்த ஒரு தடவ அவங்களாண்ட காட்டிடலாம்," என்றார்.

கௌதமி வந்தார். ஒல்லியான உடம்பு, காட்டன் சுடிதார், காதில் சொருகிய பென்சில். செத்த முட்டைகளை நான் காட்டப் போனேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவரச் சொன்னார். ஐஸை உடைத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, அதில் தன்னுடைய வெப்பமானிகளையும் பெட்டியின் வெப்பத்தை அளக்கும் உணர்கம்பியையும் சேர்த்து முக்கினார். அவருடையவை சுழியம் காட்டின. எங்கள் கம்பி இரண்டரை டிகிரி குறைத்துக் காட்டியது. பிறகு பெட்டிக்குள் நான்கு இடங்களில் நான்கு வெப்பமானிகளை வைத்துக் கதவை மூடிவிட்டு, ஒரு மணி நேரம் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார். முட்டைகள் இருந்த தட்டு, சூடேற்றும் சுருளுக்கு நேர் மேலே. அங்கே முப்பத்தாறு. எதிர்மூலையில் இருபத்தெட்டு. உணர்கம்பியோ காற்று வரும் துளையருகே குளுகுளுவென்று இருந்தது.

"மீட்டர் காட்றது மீட்டரோட சூட்ட, டீச்சர். முட்டையோட சூடு இன்னான்னு இத்தினி நாளும் யாரும் கேக்கவே இல்ல," என்றார். பிறகு முருகேசன் பக்கம் கையைக் காட்டினார். "இவர எதுக்குத் திட்டுனீங்க? இவரு கதவத் தொறந்ததுலதான் கொஞ்ச நேரமாவது அதுங்களுக்குக் காத்து கெடச்சிருக்கு."

நான் முருகேசனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதையும் மாணவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும் என்று கௌதமி சொல்லவில்லை. ஆனால் அவர் கிளம்பாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தில் அது எனக்குப் புரிந்தது.

பழைய பெட்டி உதவாது என்று சொல்லிவிட்டார். காசிமேட்டில் ஒரு கடையில் ஓடாமல் கிடந்த, கண்ணாடிக் கதவு வைத்த கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜைக் கேட்டு வாங்கி, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். குளிரூட்டும் இயந்திரத்தைக் கழற்றி எறிந்தார். அடித்தட்டு முழுக்கத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்கினார். சூடு ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக நடக்க அந்தத் தண்ணீர்தான் காவல் என்றார். பக்கச் சுவரில் சூடேற்றும் வயர், மேலே கணினிக்குள் இருப்பதுபோன்ற ஒரு சின்ன மின்விசிறி, முட்டைகள் இருக்கப்போகும் உயரத்திலேயே உணர்கம்பி. "சூடு பண்றதுக்கு ஒரு குண்டு பல்பு போதும். சூட்ட ஒரே எடத்துல நிக்க வைக்கிறதுதான் பேஜாரு," என்பார்.

பெட்டியைப் பத்து நாள் காலியாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் முட்டை வைக்கலாம் என்பது அவருடைய நிபந்தனை. ஏழாவது நாள் திருவொற்றியூரில் ஒரு கிடங்கின் பின்புறம் ஜேசிபி மண்ணை வாரியபோது பத்தொன்பது நல்லபாம்பு முட்டைகள் கிடைத்தன. மே மாதம். நான் பெட்டியில் வைத்துவிடலாம் என்றேன். கௌதமி முடியாது என்றார். "இன்னும் மூணு நாள் கீது."

"முட்டை மூணு நாள் காத்திருக்காது கௌதமி."

"சரியில்லாத பொட்டில மூணு நாள் இருந்தா மட்டும் பொழைக்குமா?"

குரல்கள் உயர்ந்தன. நான் ஆய்வகத்தின் பொறுப்பாளர் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். எங்கள் கட்டடத்தின் ஒவ்வோர் அறையின் வெப்பநிலையையும் காலை, மதியம், மாலை என்று ஒரு வாரமாகக் குறித்து வைத்திருந்தார். யாரும் கேட்டுச் செய்த வேலை இல்லை. கீழ்த்தளத்தில் ரசாயனப் புட்டிகள் வைக்கும் ஜன்னலில்லாத அறையில், வெளியே வெயில் கொளுத்தினாலும், முப்பதுக்கு மேல் அரை டிகிரிகூட ஏறவில்லை. ஒரு தெர்மோகோல் மீன்பெட்டியில் ஈரமான தென்னை நார்த்தூளைப் பரப்பி, எடுத்தபோது மேலே இருந்த பக்கம் மேலேயே இருக்கும்படி முட்டைகளை வைத்தோம். ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் நான் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். ஊர்வனவற்றின் முட்டையைப் புரட்டிவிட்டால் உள்ளே கரு மூழ்கிச் செத்துவிடும். அந்த மூன்று நாளும் அந்த அறையில்தான் இருந்தன முட்டைகள்.

பிறகு பெட்டிக்கு மாறின. வாரத்துக்கு நான்கு நாள், குளிர் அறை வேலைகளுக்கு நடுவே, கௌதமி வந்துவிடுவார். கதவைத் திறக்க மாட்டார். கண்ணாடி வழியே பார்த்து எண்களைக் குறிப்பார். ஏழாவது வாரத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், ஹீட்டர் இப்பல்லாம் கம்மியா ஓடுது. வெளிய வெயிலு அதே வெயிலுதான். அப்ப இந்தச் சூடு எங்கேந்து வருது? முட்டைங்களே குடுக்குதா?"

முட்டை இயந்திரம் இல்லை, அதெல்லாம் இருக்காது என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். மாலையில் மனம் கேளாமல் புத்தகங்களைப் புரட்டினேன். கரு பெரிதாகும் கடைசி வாரங்களில் நெருக்கமாகக் கிடக்கும் முட்டைகள் தாமே கொஞ்சம் வெப்பத்தை வெளியிடும் என்று இருந்தது. அதைப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரியும் நேரத்தை எண்ணியே அவர் அதைக் கண்டுபிடித்திருந்தார். மறுநாள் நான் சொன்னபோது, "அப்பிடியா, அப்ப அரை டிகிரி கொறச்சி வச்சிரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலையில் ஒரு காலை, முதல் முட்டையின் தோலில் சிறு கீறல் தெரிந்தது. அந்தக் கீறலிலிருந்து ஒரு மூக்கு வெளியே வந்து நின்றது. நான் மகிழ்ச்சியில் கௌதமியைத் தேடினால், அவர் அறையிலேயே இல்லை. வராந்தாவின் கடைசியில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. அன்றுதான் தெரிந்தது, அவருக்குப் பாம்பு என்றால் அவ்வளவு பயம். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் ஒருவர் பாம்பு கடித்து இறந்ததைப் பார்த்திருக்கிறார். இரண்டு மாதமாக அந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"முட்டையா கீற வரிக்கும் என் பொறுப்பு டீச்சர். தலைய வெளிய நீட்டிச்சின்னா உங்க பொறுப்பு," என்றார். பதினேழு குட்டிகள் பிறந்தன. எண்ணிக்கையை வராந்தாவிலிருந்தே கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கல்லூரிக்கு ஒருமுறை ஒரு பெரிய மனிதர் வந்தார். பெயர் வேண்டாம். பெட்டியைத் திறந்து, ஒரு முட்டையைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். கல்லூரி முதல்வர் என்னைப் பார்த்தார். நான் கௌதமியைப் பார்த்தேன். கௌதமி கதவுக்கு முன்னால் ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "சார், ஆஸ்பத்திரில கண்ணாடி வழியாத்தான கொறமாசக் கொழந்தைய பாக்குறோம். இதுவும் அதான் சார். இப்பிடிக்கா நில்லுங்க, படத்துல முட்டை நல்லா தெரியும்." அவர் நின்றார். படமும் எடுத்தார்கள். முதல்வருக்குத்தான் ஒரு வாரம் கோபம் தீரவில்லை. கௌதமியோடு பழகுவது எப்போதும் சுலபமாக இருந்தது என்று சொன்னால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். விடுமுறை நாளில் கூப்பிட்டு, நார்த்தூளின் ஈரத்தைப் பார்த்தீர்களா என்று விசாரிப்பார். பார்க்கவில்லை என்றால் அடுத்த வார்த்தை பேசாமல் வைத்துவிடுவார்.

நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒரு டிசம்பர் புயலைப் பற்றி. அந்த வருடம் அக்டோபரில், வள்ளூர் பக்கம் சாலைக்காக ஒரு கரையான் புற்றை வெட்டியபோது பதினைந்து உடும்பு முட்டைகள் கிடைத்தன. உடும்பு முட்டை பாம்பு முட்டையைப் போல இரண்டு மாதத்தில் பொரிப்பதில்லை. ஆறு மாதம், எட்டு மாதம்கூட ஆகும். அத்தனை மாதமும் வெப்பம் அலைபாயாமல் இருக்க வேண்டும். டிசம்பரில் புயல் வந்தபோது அவை பாதி வழியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

முதல் நாள் காலையிலேயே மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கௌதமி மாட்டியிருந்த பேட்டரி மதியம்வரை தாங்கியது. வெளியே குளிர்ந்த காற்று. பெட்டியின் எண் இருபத்தொன்பதிலிருந்து மெல்ல இறங்கத் தொடங்கியது. நானும் முருகேசனும் போர்வைகளைச் சுற்றிவிட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கௌதமியைக் கைப்பேசியில் பிடிக்க முடியவில்லை. வியாசர்பாடியில் இடுப்பளவு தண்ணீர் என்று கேள்விப்பட்டிருந்தோம். அவர் வருவார் என்று நாங்கள் நினைக்கவில்லை.

மூன்று மணிக்கு ஒரு மீன்பாடி வண்டியின் பின்னால், பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு வந்து இறங்கினார். சுரங்கப்பாதைகள் மூழ்கியதால் எங்கெங்கோ சுற்றி வந்திருந்தார்கள். ஈரத் துணியோடு நேராக வெப்பமானியைத்தான் பார்த்தார். இருபத்தேழு. "பயப்பட ஒண்ணும் இல்ல. தண்ணி பாட்டில் தாங்கிகினு கீது. ஆனா இத்தோட நிக்கணும்," என்றார்.

தெருமுனை டீக்கடையில் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. முருகேசன் அங்கிருந்து வெந்நீர் கொண்டுவர, கௌதமி அதில் பச்சைத் தண்ணீர் கலந்து, வெப்பமானி நாற்பது காட்டும்வரை பொறுத்து, பாட்டில்களில் ஊற்றினார். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் வேலை சீக்கிரம் முடியுமே என்று நான் கேட்டேன். "அவசரத்துக்குச் சூடு குடுத்தா அடுத்த மணி நேரத்துல அது நம்மள ஏமாத்தும்," என்றார். ஒரு நேரத்தில் இரண்டு பாட்டில்களைத்தான் மாற்றுவார். அதுவும் அடித்தட்டில், முட்டைத் தட்டிலிருந்து தள்ளி. கதவு திறந்திருக்கும் நேரத்தை நான் வாய்விட்டு எண்ண வேண்டும். பத்துக்குள் மூடிவிடுவார். அரை மணிக்கு ஒருமுறை எண். மூன்று பேரும் முறைவைத்துத் தூங்கினோம்.

இரண்டாம் நாள் முற்பகல் செல்வி வந்தார். இடுப்புவரை சேறு. வாசலில் நின்றபடியே அக்காவிடம் சண்டை போட்டார். "வூட்டுக்குள்ள தண்ணி பூந்து கட்டில் மெதக்குது. பீரோவ நான் ஒத்தையா தூக்கினேன். நீ இங்க பல்லிக்குப் பாட்டில் மாத்திகினு கீற. உனுக்கு நான் யாரு?"

கௌதமி கையில் பாட்டிலோடு நின்றார். "நீ பெரிய மனுசி, தூக்கிட்ட. இதுங்களுக்கு வேற யாரும் இல்ல செல்வி," என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. செல்வி சற்று நேரம் அங்கேயே அழுதார். பிறகு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, "குடு, எந்த பாட்டிலு?" என்று கேட்டார். அன்று முழுதும் வெந்நீர் கலந்தவர் செல்விதான். அளவில் அக்காவைவிடக் கறாராக இருந்தார்.

மூன்றாம் நாள் மதியம் மின்சாரம் வந்தது. பெட்டி ஓடத் தொடங்கியது. எண் இருபத்தெட்டரை. எங்களுக்குக் கைகால் ஓய்ந்திருந்தது. "நீங்க ரெண்டு பேரும் வீட்டைப் பாருங்க," என்று நான்தான் சொன்னேன். அக்காவும் தங்கையும் கிளம்பினார்கள். நான் முகம் கழுவிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள் தூங்கிவிட்டேன். வந்த மின்சாரம் ஏற்ற இறக்கத்தோடு வந்திருக்கிறது. கட்டுப்பாட்டுக் கருவியின் உள்ளே மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுப்பு விலகாமல் ஒட்டிக்கொண்டு, ஹீட்டர் நிற்காமல் எரிந்திருக்கிறது. டீ வாங்கப் போன முருகேசன் திரும்பி வந்து எண்ணைப் பார்த்து வயரைப் பிடுங்கினார். முப்பத்தேழு. எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த இரண்டு வாரத்தில் நான்கு முட்டைகள் சுருங்கின.

வனத்துறைக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். நான்கு முட்டைகள் இழந்ததற்குக் காரணம் 'புயலால் ஏற்பட்ட இயற்கை இடர்' என்று எழுதினேன். அதில் பொய் இருப்பதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. கௌதமி படித்துப் பார்த்துவிட்டு அந்த வரியை அடித்தார்.

"புயல்ல ஒண்ணும் சாவல டீச்சர். புயல்ல பதினஞ்சும் பொழச்சிச்சு. கரண்டு வந்தப்புறம் செத்துச்சு. கரண்டு வந்தா ஹீட்டர் மாட்டிக்கும்னு எனக்குத் தெரியும். தனியா ஒரு கட்-ஆஃப் போட்டிருக்கணும். போடல. என் தப்பு, அத்த எழுதுங்க."

"தூங்கினது நான்தானே," என்றேன்.

"அப்ப அதையும் எழுதுங்க."

பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். முதன்முதலில் செத்த அந்தப் பதினாறு சாரைப்பாம்பு முட்டைகள் பற்றிய அறிக்கையில், 'முட்டைகள் கருவுறாதவை' என்று நான் எழுதியிருந்தேன். கருவி தவறு என்று கௌதமி கண்டுபிடித்த பிறகும் அதைத் திருத்தவில்லை. அனுமதி போய்விடுமோ என்ற பயம். அவர் என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "அதுக்கும் ஒண்ணு எழுதிடலாம். நான் இருக்கேன்," என்றார்.

இரண்டையும் எழுதினேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அனுமதி போகவில்லை. ஆனால் போயிருந்தாலும் அவர் அந்தத் தாளை எடுத்து வைத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த வாரமே, கட்டுப்பாட்டுக் கருவி பழுதானாலும் முப்பத்தொன்றில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும் இரண்டாவது கருவியைப் பெட்டியில் பொருத்தினார்.

கோடை தொடங்கியபோது பதினொரு உடும்புக் குட்டிகள் வெளிவந்தன. மஞ்சள் பட்டைகளோடு, வாலோடு சேர்த்து ஒரு சாண் நீளத்தில். காட்டுப்பள்ளிக்கு அப்பால் ஒரு புதர்க்காட்டில் வனத்துறையினர் அவற்றை விட்டார்கள். கௌதமியும் வந்தார். வேனைவிட்டு இறங்கவில்லை. ஜன்னலைக் கால்வாசி திறந்துகொண்டு ஒவ்வொன்றாக எண்ணினார். கடைசிக் குட்டி இலைக்குள் நுழைந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "டீ குடிக்கலாமா?" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்ததை முருகேசனும் பார்த்தார்.

கௌதமியை மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தோம். அவர்கள் பௌத்தக் குடும்பம். குடியிருப்பிலிருந்து வந்த பெண்கள் மும்மணிகளைச் சரணடையும் வாசகங்களைச் சொன்னார்கள். ஐஸ் கம்பெனித் தொழிலாளர்கள் வேலை உடுப்போடு வந்திருந்தார்கள். முருகேசன் ஒரு தோள் கொடுத்தார். செல்வி அழவில்லை. எல்லாருக்கும் தண்ணீர் கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே வயதான ஒருவர் என்னிடம் வந்து, நீங்கள்தான் டீச்சரா என்று கேட்டார். தணிகாசலம் என்றார் தன் பெயரை. பல வருடங்களுக்கு முன் கௌதமி ஒரு தொழிற்சாலையில் கருவி மெக்கானிக்காக இருந்தபோது உடன் வேலை செய்தவர். அந்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று நான் ஒருமுறை கௌதமியிடம் கேட்டிருக்கிறேன். "புடிக்கல," என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். தணிகாசலம் சொன்னார்:

"ஒரு பெரிய டேங்கு. அதுல சூடு காட்ற மீட்டரு நாலு டிகிரி கம்மியா காட்டுது. உள்ள சூடு மீறினா ஆபத்து. மறுநாளு இன்ஸ்பெக்‌ஷன். எல்லாம் சரியா கீதுன்னு கையெழுத்துப் போட சொன்னாங்கோ. கௌதமி மாட்டேன்னுட்ச்சு. எம்மாம் நெருக்குனாங்கோ தெரியுமா? ஸ்டோருக்கு மாத்திட்டாங்கோ. ஒண்ணரை வருசம் ஒக்காந்து போல்ட்டு நட்டு எண்ணிகினு இருந்துச்சு. அப்பால வேலைய வுட்டுச்சு. ஆனா அது கையெழுத்துப் போடாததால அந்த மீட்டர மாத்தித்தான் ஆவணும்னு ஆயிப்போச்சு. அந்த டேங்குக்குக் கீழ வேலை செஞ்சவங்க நாங்க பதினாறு பேரு."

பிறகு சொன்னார்: "போட்டுட்டுப் போயேம்மா, உனுக்கு இன்னா வந்துச்சுன்னு அன்னிக்கு அதாண்ட சொன்னவன் நான். அதுக்கப்புறம் ஒரு நாளும் அத்த நேரா பாத்துப் பேசினதில்ல. இன்னிக்குத்தான் வந்தேன்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மூன்றாம் ஆண்டு வகுப்புக்குப் போனேன். ஊர்வனவற்றின் இனப்பெருக்கம் பற்றிய பாடம். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மேம், நம்ம லேப்ல இவ்ளோ கஷ்டப்பட்டு டெம்பரேச்சர் மாறாம பாத்துக்கிறோம். வெளிய புத்துக்குள்ள உடும்பு முட்டை போட்டுட்டுப் போயிடுது. அங்க மழை, வெயில்ல எவ்ளோ ஏறி எறங்கும்?"

இருபத்திரண்டு வருடமாக வகுப்பெடுக்கிறேன். புற்றின் சுவர், மண்ணின் ஈரம், கரையான்கள் என்று பத்து நிமிடம் பேசுவதற்கு விடை நாக்கில் தயாராக இருந்தது. எல்லாம் எங்கோ யாரோ அளந்து எழுதியவை. எண்ணூரின் மண்ணில், அனல்மின் நிலையச் சாம்பல் படியும் இந்தக் கரையில் இருக்கும் ஒரு புற்றுக்குள் நான் ஒருநாளும் வெப்பமானியை நுழைத்துப் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியாது," என்று சொன்னேன். "நான் அளந்து பார்த்ததில்லை."

ஆசிரியை அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அந்தச் சொற்கள் தடங்கலில்லாமல் வெளியே வந்தன. கௌதமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

இந்த மாதக் கடைசியில், அனுமதி பெற்று, வள்ளூர் பக்கம் காலியாக இருக்கும் ஒரு புற்றில் அளக்கப் போகிறோம். மழை முடியும்வரை வாரத்துக்கு இரண்டு நாள் எண்களைக் குறிக்க வேண்டும். முருகேசன் வருகிறார். அந்த மாணவி வருகிறாள். செல்வி நேற்றுக் கூப்பிட்டு, நோட்டில் எழுதுவதைத் தானே செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.